ஓதும் வாயும் கேட்கும் செவியும்: திண்டுக்கல் வட்டாரக் கிறிஸ்தவ வாழ்வில் மறைநூலை உரத்து மொழிதல்

ஆய்வுச் சுருக்கம்

மறைநூலை வாய்விட்டு மொழிவதற்கு ஆற்றல் உண்டு என்னும் நம்பிக்கை தமிழகக் கிறிஸ்தவர்களின் அன்றாட வாழ்வில் ஆழமாக வேரூன்றியுள்ளது. அண்மைக் காலப் பெந்தேகொஸ்தே இயக்கங்களின் வரவாகவே இது பெரும்பாலும் கருதப்படுகிறது. திண்டுக்கல் நகரமும் அதனைச் சூழ்ந்த சமவெளியும் இயேசு சபையின் மதுரை மிஷன், அமெரிக்க மதுரா மிஷன் ஆகிய இரண்டின் பணிக்களமாகவும் விளங்கியவை. இவ்வட்டாரத்தைக் களமாகக் கொண்டு நோக்கும்போது, இவ்வழக்கம் நான்கு நூற்றாண்டுத் தொடர்ச்சி உடையது என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது. மொழிதலின் ஆற்றல் குறித்த நம்பிக்கையோடு, மொழியும் உரிமை யாருக்கு உரியது என்னும் சமூக வினாவும் இணைந்தே பயணித்துள்ளது என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: திண்டுக்கல், மதுரை மிஷன், அமெரிக்க மதுரா மிஷன், வேதியர், வேதாகமப் பெண்கள், உரத்த வாசிப்பு, திருவிவிலியம்.

முன்னுரை

மேற்கே பழனி மலைத்தொடரும் கிழக்கே சிறுமலையும் அரணாக நிற்க, இடைப்பட்ட சமவெளியில் அமைந்தது திண்டுக்கல். நாயக்கர், மைசூர் ஆட்சிகளைக் கடந்து 1792ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்வழி ஆங்கிலேயர் வசமான இப்பகுதி, நெடுங்காலம் மதுரை மாவட்டத்தின் உறுப்பாக இருந்து 1985ஆம் ஆண்டு தனி மாவட்டமாயிற்று. திருச்சிராப்பள்ளி மறைமாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டு 2003ஆம் ஆண்டு திண்டுக்கல் கத்தோலிக்க மறைமாவட்டம் நிறுவப்பட்டது. சீர்திருத்தத் திருச்சபையினர் தென்னிந்தியத் திருச்சபையின் மதுரை-இராமநாதபுரம் பேராயத்தின்கீழ் அமைகின்றனர். இவ்விரு மரபுகளுக்கும் அப்பால் பெந்தேகொஸ்தே சபைகளும் இன்று இவ்வட்டாரத்தில் பரவியுள்ளன.

தமிழ்க் கிறிஸ்தவம் குறித்த ஆய்வுகள் அச்சு, மொழிபெயர்ப்பு, இலக்கியம், கல்வி ஆகியவற்றில் மிகுந்த கவனம் செலுத்தியுள்ளன. அச்சிட்ட நூலை மக்கள் எவ்வாறு பயன்படுத்தினர், யார் வாசித்தனர், யார் கேட்டனர் என்னும் வினாக்கள் அந்த அளவுக்கு எழுப்பப்படவில்லை. மறைநூல் என்பது எழுதப்பட்ட பனுவல் என்ற முன்முடிவே இதற்குக் காரணம் எனலாம். வில்லியம் கிரகாம் 1987ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில், உலகச் சமயங்கள் பலவற்றில் மறைநூல் முதன்மையாக ஒலியாகவே வாழ்ந்துவந்தது என நிறுவினார். தமிழ்ச் சூழலில் ஆ. இரா. வேங்கடாசலபதி, காலனியக் காலத்தில் கூட்டாக உரத்து வாசிக்கும் முறையிலிருந்து தனித்து மௌனமாக வாசிக்கும் முறை எழுந்ததை விளக்கியுள்ளார். இவ்விரு நோக்குகளின் துணையோடு திண்டுக்கல் வட்டாரக் கிறிஸ்தவ வழக்கத்தை அணுகுவது இக்கட்டுரையின் நோக்கம். விவிலியம், வேதாகமம் என்னும் வழக்குகள் திருச்சபைப் பிரிவுகளைச் சார்ந்தவை ஆதலின், பொதுவாகச் சுட்டுமிடத்து மறைநூல் என்னும் சொல் ஆளப்படுகிறது.

1. வாசித்தல், ஓதுதல், படித்தல்

வாசித்தல் என்னும் வினை 'வாக்கு' என்பதோடு தொடர்புடைய வடமொழி வேரினின்று வந்தது. பேசச் செய்தல் என்பது அதன் உட்பொருள். நாதசுரம் வாசித்தல், மிருதங்கம் வாசித்தல் என்னும் வழக்குகளிலும் ஒலியெழுப்பும் பொருளே நிலைத்துள்ளது. தென்மாவட்டங்களில் பாடுவதைப் 'பாட்டுப் படித்தல்' என்பர். ஓதுதல் என்பதோ வாய்மொழிதலையும் கற்றலையும் ஒருங்கே குறிக்கும். தேவாரம் பாடுவோர் ஓதுவார் எனப்படுவதும், வேதத்தை எழுதாக்கிளவி என வழங்கும் மரபும் இதனோடு எண்ணத்தக்கன. திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடியும் நீதி நூல்களும் முறைவைத்து உரக்கச் சொல்லியே கற்பிக்கப்பட்டன. ஆகவே, சமய நூலைக் கற்றல் என்பது அதனை வாயால் சொல்லுதல் என்பது கிறிஸ்தவம் வருவதற்கு முன்பே தமிழ் மண்ணில் நிலைபெற்றிருந்த கருத்து.

கிறிஸ்தவ மறைநூலின் உள்ளேயும் இதே கருத்து உள்ளது. இணைச்சட்ட நூலின் 6ஆம் அதிகாரம், கட்டளைகளை வீட்டில் அமர்ந்திருக்கும்போதும் வழியில் நடக்கும்போதும் படுக்கும்போதும் எழும்போதும் பேசுமாறு பணிக்கிறது. யோசுவா நூலின் முதல் அதிகாரத்திலும் முதல் திருப்பாடலிலும் திருச்சட்டத்தை இரவும் பகலும் சிந்திப்பதைக் குறிக்கும் எபிரேயச் சொல் 'ஹாகா'. முணுமுணுத்தல், மெல்லொலி எழுப்புதல் என்பது இதன் பொருள். எசாயா நூலில் புறாவின் முனகலுக்கும் சிங்கத்தின் உறுமலுக்கும் இதே சொல் ஆளப்பட்டுள்ளது. தமிழ் மொழிபெயர்ப்பில் இது 'தியானம்' என அமைந்தது. தமிழில் தியானம் என்பது வாய்திறவா நிலையையே பெரிதும் உணர்த்துவதால், மூலத்தில் உள்ள ஒலிப்பொருள் மொழிபெயர்ப்பில் மறைந்தது. ஆயினும் வழக்கில் அது மறையவில்லை. சங்கீதம் படித்தல் என்றால் வாய்விட்டுப் படித்தல் என்றே கிறிஸ்தவ இல்லங்களில் பொருள் கொள்ளப்படுகிறது.

புதிய ஏற்பாட்டிலும் இந்நிலை தொடர்கிறது. திருவெளிப்பாட்டு நூல் தன் தொடக்கத்திலேயே வாசிப்பவர் ஒருவரையும் கேட்போர் பலரையும் வேறுபடுத்திக் குறிக்கிறது. பவுல் தம் திருமுகங்கள் சபையில் வாசிக்கப்படவேண்டும் எனக் கேட்கிறார். உரோமையருக்கு எழுதிய மடலின் 10ஆம் அதிகாரம் நம்பிக்கையைக் கேள்வியோடு இணைக்கிறது. ஆயர் அம்புரோசு ஓசையின்றி வாசித்ததைக் கண்டு வியந்ததாக அகுஸ்தீன் எழுதிய குறிப்பு, 4ஆம் நூற்றாண்டு உரோமைப் பேரரசில் உரத்த வாசிப்பு எந்த அளவுக்கு இயல்பானது என்பதற்குச் சான்றாகப் பலராலும் காட்டப்படுகிறது.

2. மந்திரம் என்னும் பெயர்: மதுரை மிஷன் மரபு

தமிழ்க் கிறிஸ்தவத்தில் வாய்மொழிதலின் வரலாறு கடற்கரையில் தொடங்குகிறது. பிரான்சிஸ் சவேரியார் 1542ஆம் ஆண்டு முத்துக்குளித்துறைக்கு வந்து, அடிப்படைச் செபங்களைத் தமிழில் பெயர்க்கச் செய்து, மணியடித்து மக்களைக் கூட்டி, ஒவ்வொரு வாக்கியமாகத் தாம் சொல்ல அவர்களைத் திருப்பிச் சொல்லச் செய்தார். 1544ஆம் ஆண்டு சனவரியில் அவர் எழுதிய மடல் இம்முறையை விரிவாக விளக்குகிறது. தமிழில் அச்சான தொடக்க நூல்களுள் ஒன்றான 'தம்பிரான் வணக்கம்' 1578ஆம் ஆண்டு கொல்லத்தில் அண்டிரிக் அடிகளாரால் வெளியிடப்பட்டது. அதுவும் சொல்லிக்கொடுப்பதற்குரிய செபங்களையும் மறைக்கல்வியையும் கொண்ட நூலே. கடற்கரை மக்களுள் பெரும்பாலோர் எழுத்தறியாதவர். அவர்களிடம் அச்சு நூல் சொல்லிக்கொடுப்பவரின் வாய்வழியாகவே சென்று சேர்ந்தது.

1606ஆம் ஆண்டு மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நோபிலி தொடங்கிவைத்த மிஷன், உள்நாட்டுப் பகுதிகளில் இம்முறையைத் தொடர்ந்தது. பரந்த நிலப்பகுதிக்கு ஐரோப்பியக் குருக்கள் மிகச் சிலரே இருந்தமையால், ஓர் ஊருக்குக் குரு வருவது அரிதாயிற்று. இடைப்பட்ட காலத்தில் செபங்களைச் சொல்லிக்கொடுத்தும், சாவுக்கிடையில் இருப்போருக்கு அருகமர்ந்து செபம் உரைத்தும், அவசரத் திருமுழுக்கு அளித்தும் சமூகத்தைக் காத்தவர் வேதியர் அல்லது உபதேசியார் எனப்பட்ட பொதுநிலையினரே. 18ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் வீரமாமுனிவர் எனப்படும் கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி இவர்களுக்காகவே 'வேதியர் ஒழுக்கம்' என்னும் உரைநடை நூலை இயற்றினார். தேம்பாவணி பாடிய புலவர், கற்றோர் அவைக்குரிய காப்பியத்தோடு ஊர்தோறும் சொல்லித்தருவோருக்குரிய கையேட்டையும் எழுதினார் என்பது, வேதியரின் வாய்மொழிப் பணி மிஷனுக்கு எத்துணை இன்றியமையாததாக இருந்தது என்பதைக் காட்டும்.

இக்காலத்துச் சொல்லாட்சி ஆய்வுக்குரியது. கத்தோலிக்கத் தமிழில் இயேசு கற்பித்த செபம் 'பரலோக மந்திரம்' என்றும், மரியாவை வாழ்த்தும் செபம் 'பிரியதத்த மந்திரம்', பின்னர் 'அருள் நிறைந்த மந்திரம்' என்றும், நம்பிக்கை அறிக்கை 'விசுவாச மந்திரம்' என்றும் வழங்கின. சீர்திருத்தத் திருச்சபையினர் முதலாவதை 'பரமண்டல ஜெபம்' என்றனர். ஒரே பனுவலுக்கு மந்திரம், ஜெபம் என்னும் இரு பெயர்கள் அமைந்தமை பிரிவுகளுக்கிடையிலான கருத்து வேறுபாட்டின் பதிவு. மந்திரம் என்னும் சொல் தமிழ்ச் செவிக்கு, பிழையின்றிச் சொன்னால் பயன்தரும் சொற்கோவை என்னும் பொருளைத் தரும். இடியிடிக்கும்போதும் பேயச்சம் ஏற்படும்போதும் நோயாளியின் தலைமாட்டிலும் இச்செபங்கள் சொல்லப்பட்டதற்கு இப்பெயரே ஒரு விளக்கமாக அமைகிறது. மக்கள் தம் பண்பாட்டில் நன்கறிந்த மொழி ஆற்றல் குறித்த கருத்தைப் புதிய சமயத்தின் சொற்களுக்கு மாற்றிக்கொண்டனர். மிஷனும் அப்பெயரைத் தன் செபநூல்களிலேயே ஏற்றது.

இங்கு ஒரு வரம்பும் உண்டு. இவ்வாறு சொல்லப்பட்டவற்றுள் மறைநூலின் நேரடிப் பகுதிகள் சிலவே. மற்றவை திருச்சபைச் செபங்கள். கத்தோலிக்கப் பொதுமக்கள் மறைநூலைச் செபமாகவும் பாடலாகவும் நாடகமாகவும் செவியுற்றனர். திண்டுக்கல் வட்டாரக் கத்தோலிக்க ஊர்களில் தவக்காலத்தையொட்டி நிகழ்த்தப்படும் பாஸ்கா இம்மரபின் எச்சம். நற்செய்தியின் உரையாடல்களை ஊரார் தம் வாயால் பேசி நடிக்கும் இந்நிகழ்வு, நூலாகக் கையில் கிட்டாதிருந்த மறைநூலை ஊரின் நினைவில் நிலைநிறுத்தியது.

3. அச்சேறிய வேதமும் உரத்த வாசிப்பும்: அமெரிக்க மதுரா மிஷன்

யாழ்ப்பாணத்திலிருந்து அமெரிக்க மிஷனரிகள் 1834ஆம் ஆண்டு மதுரையில் பணி தொடங்கினர். அடுத்த சில ஆண்டுகளுக்குள் திண்டுக்கல் அவர்களின் நிலையங்களுள் ஒன்றாயிற்று. பின்னர் வத்தலகுண்டு, பழனி ஆகிய இடங்களிலும் நிலையங்கள் அமைந்தன. 1842ஆம் ஆண்டு திருமங்கலத்தில் தொடங்கிய இவர்களது செமினரி 1845ஆம் ஆண்டு பசுமலைக்கு மாற்றப்பட்டு, ஊர்ப்புற உபதேசியார்களையும் ஆசிரியர்களையும் உருவாக்கியது.

மறைநூலை ஒவ்வொருவரும் தாமே வாசிக்கவேண்டும் என்பது சீர்திருத்த மரபின் அடிப்படைக் கொள்கை. ஆகவே இவர்களின் வருகையோடு மௌன வாசிப்பு பரவியிருக்கும் என எதிர்பார்ப்பது இயல்பு. நடைமுறை வேறாயிருந்தது. 1901ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போதும் சென்னை மாகாணப் பெண்களில் எழுத்தறிந்தோர் நூற்றுக்கு ஒருவர் என்ற அளவிலேயே இருந்தனர். இச்சூழலில் அச்சிட்ட வேதாகமம் ஒரு வாசகரையும் அவரைச் சூழ்ந்த ஒரு கேட்போர் கூட்டத்தையும் உருவாக்கியது. சாவடியிலும் சந்தையிலும் மரத்தடியிலும் உபதேசியார் வாசித்தார். பள்ளியில் கற்ற சிறுவன் எழுத்தறியாத பெற்றோருக்கு வீட்டில் வாசித்தான். மிஷன் மருந்தகங்களில் காத்திருக்கும் நோயாளிகளுக்கு வாசித்தல் அக்காலத்தில் பரவலான நடைமுறை. மருத்துவ மிஷனரியான எட்வர்டு செஸ்டர் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திண்டுக்கல்லில் நெடுங்காலம் பணியாற்றியமை, இந்நகரில் மருத்துவமும் மறைபரப்பும் ஒரே வளாகத்தில் இயங்கியதைக் காட்டும்.

வாசிப்போடு இசையும் சேர்ந்தது. தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனைகளைத் திரட்டி மதுரா மிஷனைச் சேர்ந்த எட்வர்டு வெப் 1853ஆம் ஆண்டு நூலாக வெளியிட்டார். வத்தலகுண்டிலும் பின்னர் பசுமலையிலும் பணியாற்றிய ஜார்ஜ் வாஷ்பர்ன் அத்தொகுப்புப் பணியைத் தொடர்ந்தார். மேலை மெட்டுகள் தமிழ்ச் செவிக்கு ஒட்டாமையை உணர்ந்தே கர்நாடக இசைக் கீர்த்தனைகளை மிஷன் ஏற்றது. எழுத்தறியாதோரும் மறைநூற் செய்திகளை இராகத்தோடு வாயில் தாங்கிச் செல்ல இது வழிவகுத்தது.

கத்தோலிக்கர் செபங்களைக் கிளிப்பிள்ளைபோல் ஒப்பிப்பதாகச் சீர்திருத்தத் தரப்பார் குறைகூறுவது வழக்கம். மத்தேயு நற்செய்தியின் 6ஆம் அதிகாரத்தில் வீண் அலப்பல் கண்டிக்கப்படுவதை இதற்கு ஆதாரமாக்கினர். எனினும் அவர்களுடைய பள்ளிகளிலும் ஓய்வுநாள் பள்ளிகளிலும் மனப்பாட வசனமே பயிற்சியின் மையமாயிற்று. இரு மரபும் நெட்டுருவையே நம்பின. நெட்டுருவுக்குரிய பனுவல் ஒன்றில் செபம், மற்றொன்றில் வசனம். அதிகாரமும் வசன எண்ணும் சேர்த்துச் சொல்லும் முறை சீர்திருத்த மரபின் தனித்தன்மை. சொல்பவர் தம் சொல்லுக்கு நூலைச் சான்றாக்குகிறார். கேட்பவர் அதனைச் சரிபார்க்க இயலும். மந்திரம் என்னும் வழக்கில் ஆற்றல் சொற்கோவையில் உறைகிறது. வசனம் என்னும் வழக்கில் அவ்வாற்றலுக்கு நூல் பொறுப்பேற்கிறது.

4. வேதாகமப் பெண்கள்: வாசிக்கும் பெண்குரல்

உரத்த வாசிப்பின் வரலாற்றில் தனிக்கவனம் பெறவேண்டியோர் வேதாகமப் பெண்கள். ஆண் உபதேசியார் நுழைய இயலாத வீட்டு முற்றங்களுக்குச் சென்று, பெண்களுக்கு மறைநூலை வாசித்துக் காட்டியும் எழுத்துக் கற்பித்தும் ஊதியம் பெற்று உழைத்த தமிழ்ப் பெண்கள் இவர்கள். இவர்களுக்குப் பயிற்சியளிக்க ஈவா ஸ்விஃப்ட் 1892ஆம் ஆண்டு மதுரையில் வேதாகமப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். அது பின்னர் லூசி பெரி நோபிள் பெயரால் அறியப்பட்டது.

இப்பணியின் சமூகப் பொருள் சமயமாற்ற எண்ணிக்கையால் அளக்கத்தக்கதன்று. இவர்களிடம் வாசிக்கக் கற்ற இந்துப் பெண்கள் பலர் மதம் மாறவில்லை. ஆனால் நூலொன்றைக் கையில் ஏந்தி, பிற பெண்கள் கேட்க, ஒரு பெண் உரத்து வாசிக்கும் காட்சி ஊருக்கு அறிமுகமாயிற்று. வேதாகமப் பெண்களுள் கைம்பெண்களும் பலர் இருந்தனர். மங்கல நிகழ்வுகளில் முன்னிற்க விலக்கப்பட்ட ஒருவரின் குரல், மறைவாக்கை மொழியும் குரலாக மதிப்புப் பெற்றது. அதே காலத்தில் ஆலயத்தின் பிரசங்க மேடை அக்குரலுக்கு மூடப்பட்டே இருந்தது என்பதையும் சேர்த்தே நோக்கவேண்டும். வீட்டில் வழங்கப்பட்ட உரிமை வழிபாட்டில் மறுக்கப்பட்டது.

5. மொழிபெயர்ப்பும் செவி நினைவும்

தமிழ் மறைநூல் மொழிபெயர்ப்புகளின் வரவேற்பு வரலாற்றை உரத்த வாசிப்போடு இணைத்து நோக்கினால் ஒரு சிக்கல் தெளிவாகும். சீகன்பால்கு தரங்கம்பாடியில் 1714ஆம் ஆண்டு தொடங்கி வெளியிட்ட புதிய ஏற்பாடு, பப்ரீசியஸ் மொழிபெயர்ப்பு, இரேனியஸ் திருத்தம், ஆறுமுக நாவலரின் துணையோடு பெர்சிவல் உருவாக்கிய 1850ஆம் ஆண்டுப் பதிப்பு ஆகியவற்றின் வழியில், ஹென்றி பவரின் தலைமையில் அமைந்த ஐக்கியத் திருப்புதல் 1871ஆம் ஆண்டு முழுமையாக வெளிவந்தது. கால்டுவெல் உள்ளிட்டோர் இப்பணியில் பங்கேற்றனர்.

20ஆம் நூற்றாண்டில் திருத்தப்பட்ட மொழிபெயர்ப்புகள் வந்தன. கத்தோலிக்கரும் பிற திருச்சபையினரும் இணைந்து உருவாக்கிய பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் 1995ஆம் ஆண்டு வெளியாயிற்று. மூலத்துக்கு நெருக்கமும் தற்காலத் தமிழ்நடையும் உடையது என்னும் சிறப்பு இதற்கு உண்டு. கத்தோலிக்க வழிபாட்டில் இது நிலைபெற்றது. சீர்திருத்தச் சபைகளின் வழிபாட்டிலும் இல்லங்களிலும் பழைய திருப்புதலே இன்றும் வழங்குகிறது. ஹெப்சிபா இஸ்ரேல் 2011ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு, சீர்திருத்தத் தமிழ்க் கிறிஸ்தவரின் சமய அடையாளத்தோடு அம்மொழிநடை பிணைந்துவிட்டதை விளக்குகிறது.

இதற்கு மேலும் ஒரு காரணத்தை இக்கட்டுரை முன்வைக்கிறது. மௌனமாக வாசிக்கும் நூலை மாற்றுவது எளிது. வாயும் செவியும் பழகிய பனுவலை மாற்றுவது கடினம். குழந்தைப் பருவத்தில் மனப்பாடமான வசனம், தாயின் குரலில் கேட்ட சங்கீதம், அடக்க ஆராதனையில் ஒலித்த வாசகம் ஆகியவை சொல்லமைப்போடும் ஓசையோடும் நினைவில் தங்குகின்றன. கர்த்தர், ஆண்டவர் என்னும் ஒரு சொல் வேறுபாடே கேட்பவரின் திருச்சபைப் பின்புலத்தை உணர்த்திவிடுகிறது. கத்தோலிக்கத் தரப்பில் புதிய மொழிபெயர்ப்பு ஒப்பீட்டளவில் எளிதாக ஏற்கப்பட்டதற்கும் இதே விளக்கம் பொருந்தும். அங்கே மனப்பாடமாக இருந்தவை செபங்கள். மறைநூல் வாசகங்கள் அல்ல. பழைய செபங்களின் சொற்கள் திருத்தப்பட்டபோது முதியோர் பழைய வடிவத்தையே தொடர்ந்து சொல்லிவந்தமை இதனை உறுதிசெய்கிறது.

6. வாசக மேடை: இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்குப் பின்

1963ஆம் ஆண்டு வெளியான திருவழிபாடு பற்றிய கொள்கைத் திரட்டு, வழிபாட்டில் மக்களின் தாய்மொழிக்கு இடமளித்தது. 1965ஆம் ஆண்டு வெளியான இறைவெளிப்பாடு பற்றிய ஆவணம், மறைநூல் நம்பிக்கையாளர் அனைவருக்கும் எளிதில் கிட்டவேண்டும் என வற்புறுத்தியது. 1969ஆம் ஆண்டின் புதிய வாசக ஒழுங்கு, ஞாயிறு வாசகங்களை மூன்றாண்டுச் சுழற்சியில் அமைத்தது. இலத்தீனில் குருவால் வாசிக்கப்பட்டவை இனித் தமிழில், பொதுநிலையினர் வாயால், சபை கேட்க வாசிக்கப்பட்டன. திண்டுக்கல் சமவெளியின் கத்தோலிக்க ஊர்களைப் பொறுத்தவரை, இது வேதியர் காலத்திற்குப் பின் நிகழ்ந்த பெரும் மாற்றம். வேதியர் ஒருவருக்கே உரியதாயிருந்த மொழியும் பணி, கொள்கையளவில் ஊரார் அனைவருக்கும் உரியதாயிற்று.

வாசக மேடைக்கு யார் ஏறுவது என்னும் வினா அப்போதே எழுந்தது. தமிழகக் கத்தோலிக்க ஊர்களில் இருக்கை, கல்லறை, திருவிழா உரிமை ஆகியவற்றில் சாதிப் பிரிவினை நிலவியது ஆய்வாளர்களால் விரிவாகப் பதிவாகியுள்ளது. தலித் கிறிஸ்தவர் உரிமைக்காக எழுந்த இயக்கங்கள், கல்லறைச் சுவரை அகற்றுதல் போன்ற கோரிக்கைகளோடு, பீடப்பணி, வாசகம், பாடகர் குழு ஆகியவற்றில் சம இடத்தையும் கோரின. இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016ஆம் ஆண்டு வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கை, திருச்சபைக்குள் தீண்டாமை நிலவுவதை ஒப்புக்கொண்டு கண்டித்தது.

வாசகம் இக்கோரிக்கைகளுள் இடம்பெற்றது தற்செயலன்று. ஒருவர் வாசிக்க மற்றவர் கேட்டு, அதனை இறைவாக்காக ஏற்று மறுமொழி கூறுவது வழிபாட்டின் அமைப்பு. தம்மினும் தாழ்ந்தவர் எனக் கருதுபவரின் வாயிலிருந்து அவ்வாக்கைப் பெறுதல், அவர் கையால் உணவு பெறுவதற்கு ஒப்பான சமூகப் பொருள் உடையது. 1840களின் பிற்பகுதியில் அமெரிக்க மதுரா மிஷன் சாதி ஒழிப்பின் அடையாளமாகச் சமபந்தியை வற்புறுத்தி, அதனால் உபதேசியார் பலரை இழந்தது. உணவு, சொல் ஆகிய இரண்டிலும் வாயே எல்லைக்கோடாக அமைந்தது கவனிக்கத்தக்கது.

பெண்களின் நிலையிலும் இவ்வாறே. 1972ஆம் ஆண்டு உரோமை ஆணை வாசகர் பணிநிலையை ஆண்களுக்கே உரியதாக்கியது. நடைமுறையில் பெண்கள் வாசித்து வந்தபோதும் அது தற்காலிக அனுமதியாகவே இருந்தது. 2021ஆம் ஆண்டு சனவரியில் திருத்தந்தை பிரான்சிஸ் அப்பணிநிலையைப் பெண்களுக்கும் திறந்தார். முற்றத்தில் வாசித்த வேதாகமப் பெண்ணுக்கும் பணிநிலை ஏற்ற பெண் வாசகருக்கும் இடையே ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட இடைவெளி உள்ளது.

7. அறிக்கையிடுதல்: சமகாலப் போக்கு

அண்மைப் பதிற்றாண்டுகளில் பெந்தேகொஸ்தே, தன்னெழுச்சிச் சபைகளின் செல்வாக்கால் 'வசனத்தை அறிக்கையிடுதல்' என்னும் வழக்கம் பரவியுள்ளது. நோய், கடன், வேலையின்மை, பேயச்சம் ஆகியவற்றின்போது பொருத்தமான வசனத்தைத் தன் பெயரிட்டு உரக்கச் சொல்லுதல் இதன் வடிவம். ஆண்டுத் தொடக்கத்தில் பெறும் வாக்குத்தத்த வசனத்தை ஆண்டு முழுவதும் சொல்லிவருதலும் இதனைச் சார்ந்தது. இதன் இறையியல் வேர்களை அமெரிக்க நற்செய்தியாளர்களான கென்யன், கென்னத் ஹேகின் ஆகியோரிடம் காண்பர். பாலைவனச் சோதனையில் இயேசு மறைநூல் வாக்கை மொழிந்தே எதிர்நின்றார் என்னும் நற்செய்திப் பகுதி இதற்கு முன்மாதிரியாகக் காட்டப்படுகிறது.

இவ்வழக்கத்தை வெளிநாட்டு இறக்குமதி என ஒதுக்குவதும், மந்திர நம்பிக்கையின் எச்சம் என எளிமைப்படுத்துவதும் முழு விளக்கமாகா. நோயாளியின் தலைமாட்டில் வேதியர் சொன்ன மந்திரமும், மருந்தகத்தில் உபதேசியார் வாசித்த வேதமும் நிலைபெற்றிருந்த மண்ணிலேயே இது வேர்விட்டது. புதுமை வேறோர் இடத்தில் உள்ளது. முன்னைய வடிவங்களில் ஒருவர் மொழிய மற்றவர் கேட்டார். இங்கே மொழிபவரும் கேட்பவரும் ஒருவரே. இடைநிலையாளர் இன்றி, கூலித்தொழிலாளியும் இல்லத்தலைவியும் தம் நிலையைத் தாமே மறைநூற் சொற்களால் பெயரிட்டுக்கொள்கின்றனர். ஜே. எல். ஆஸ்டின் விளக்கிய செயற்சொல் கோட்பாட்டின்படி, சில கூற்றுகள் செய்தியை உரைப்பதோடு நில்லாமல் செயலையும் நிகழ்த்துகின்றன. அக்கூற்று செல்லுபடியாக மொழிபவருக்கு உரிமை வேண்டும் என்பதும் அவர் கருத்து. அறிக்கையிடுதல் அவ்வுரிமையை ஒவ்வொருவருக்கும் வழங்குகிறது.

இதன் மறுபக்கமும் உண்டு. சொல்லியும் நோய் நீங்காதபோது, சொன்னவரின் நம்பிக்கைக் குறைவே காரணம் எனக் குற்றம் அவர்மேல் சுமத்தப்படும் இடர் உள்ளது. மருத்துவம் தள்ளிப்போடப்படும் இடரும் உண்டு. திண்டுக்கல் மாவட்டத்து ஒட்டன்சத்திரத்தில் 1955ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற கிறிஸ்தவ ஐக்கிய மருத்துவமனை போன்ற நிறுவனங்கள், வேதவாசிப்பையும் மருத்துவத்தையும் ஒன்றுக்கொன்று மாற்றாகக் கொள்ளாத வேறொரு மரபின் சான்றுகளாக இதே வட்டாரத்தில் உள்ளன.

முடிவுரை

திண்டுக்கல் வட்டாரக் கிறிஸ்தவ வரலாற்றில் மறைநூலை உரத்து மொழிதல் மந்திரம், வசனம், வாசகம், அறிக்கை என்னும் நான்கு வடிவங்களில் வெளிப்பட்டுள்ளது. ஒன்று மற்றொன்றை நீக்கவில்லை. நான்கும் இன்று அருகருகே வாழ்கின்றன. அச்சும் எழுத்தறிவும் பரவியபோது வாய்மொழி மரபு தேய்ந்தது என்னும் பொதுக்கருத்து இவ்வட்டாரக் கிறிஸ்தவ வழக்கத்திற்குப் பொருந்தாது. அச்சு நூல் வாசிக்கும் குரலுக்குப் புதிய களங்களை உருவாக்கிக் கொடுத்தது.

மொழிதலின் ஆற்றலை மக்கள் மூன்று நிலைகளில் உணர்ந்துள்ளனர். நூல் இல்லாதபோதும் உடனிருக்கும் நினைவாக, துன்பத்தில் தன்னையும் பிறரையும் தேற்றும் கூற்றாக, சபை கேட்கப் பேசும் உரிமையாக அது விளங்கியது. முதலிரண்டையும் இறையியலும் நாட்டார் வழக்காற்றியலும் ஓரளவு ஆராய்ந்துள்ளன. மூன்றாவது நிலையைச் சமூக வரலாற்று நோக்கில் ஆராய்வது இன்றியமையாதது. வேதியர், வேதாகமப் பெண், தலித் வாசகர் ஆகிய மூவரின் வரலாறும் தனித்தனியே எழுதப்படுவதைவிட, மொழியும் உரிமையின் ஒரே வரலாறாக எழுதப்படுவது பயன்தரும். இம்மாவட்டத்திலேயே செண்பகனூரில் அமைந்துள்ள இயேசு சபை ஆவணக் காப்பகம், அமெரிக்க மதுரா மிஷனின் ஆண்டறிக்கைகள், ஊர்ப் பங்குகளின் பதிவேடுகள், முதியோரின் வாய்மொழி நினைவுகள் ஆகியவை அதற்குரிய மூலங்கள். இவற்றுள் வாய்மொழி நினைவுகளைத் திரட்டும் பணி முதலில் தொடங்கப்படவேண்டும். பழைய மந்திரங்களையும் பழைய மொழிபெயர்ப்பின் சங்கீதங்களையும் நூலின்றிச் சொல்லக்கூடிய தலைமுறை குறைந்துவருகிறது.